டெலாவேர் கரையில் ஒரு மாலை: ஷாட் மீன் பிடிக்க முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் நடுவில் தொடங்கி மே பாதி வரைக்கும், நியூ ஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் இடையே ஓடும் டெலாவேர் ஆற்றில் கடலிலிருந்து மீன் ஏறி வருகிறது. பெயர் அமெரிக்கன் ஷாட். நம் உல்லம் மீனின் குடும்பம்தான்: அதே வெள்ளிச் செதில், அதே எண்ணெய்ச் சதை, அதே முள். படகு இல்லாமல், ஒரு சின்னத் தூண்டிலோடு, வேலை முடிந்து போய்க் கரையில் நின்றே இதைப் பிடிக்கலாம். எடிசன், பிளெய்ன்ஸ்போரோ, பிரின்ஸ்டன் பக்கம் இருக்கும் தமிழர்களுக்கு இந்த ஆறு ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது. ஆனாலும் ஷாட் சீசனில் கரையில் நம் ஆட்களை அதிகம் பார்க்க முடிவதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஷாட் பிடிக்கக் கிளம்புகிறவர்கள் எந்த நிறம், எந்த எடை, எந்தக் கம்பெனி ராடு (தூண்டில் கோல்) என்று மாய்ந்து மாய்ந்து தேடுகிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் வருவது இரண்டு: மீன் ஏறும் தடம் எங்கே ஓடுகிறது, தண்ணீர் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுகிறது. இந்த இரண்டும் சரியாக அமைந்தால் கையில் இருக்கும் சாமானே போதும். இவை அமையாத நாளில் எத்தனை விலை கொடுத்து வாங்கிய சாமானாலும் பயன் இல்லை.

இந்த மீன் எப்படிப்பட்டது

ஆற்றில் பிறந்து, இலையுதிர் காலத்தில் சில அங்குலக் குஞ்சாகக் கடலுக்கு இறங்கி, அட்லாண்டிக்கில் நான்கைந்து வருடம் வளர்ந்து, முட்டையிட மறுபடி பிறந்த ஆற்றுக்கே திரும்புவது ஷாட்டின் வாழ்க்கை. ஆண் மீன் பெரும்பாலும் 2 முதல் 4 பவுண்டு இருக்கும். சினை சுமந்த பெண் 4 முதல் 6 பவுண்டு, சமயத்தில் அதற்கு மேலும். நியூ ஜெர்சியின் மாநில சாதனை 1984-ல் இதே டெலாவேரில் பிடிபட்ட 11 பவுண்டு 1 அவுன்ஸ் மீன்.

டெலாவேருக்கு ஒரு பெரிய கொடுப்பினை உண்டு. மிசிசிப்பிக்குக் கிழக்கே, பிரதான ஓட்டத்தில் குறுக்கே அணை இல்லாத மிக நீளமான ஆறு இது. ஏறக்குறைய 330 மைல். கடலிலிருந்து வரும் மீன் நியூயார்க் மாநிலத்தின் ஹான்காக் வரைக்கும் தடையில்லாமல் போய்விடலாம். காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஒரு காலத்தில் உல்லம் இப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தது. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்த வரத்து ஒடுங்கிவிட்டது.

அணை இல்லை என்பதால் டெலாவேரில் எல்லாம் நல்லபடியாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. கடந்த நூற்றாண்டின் நடுவில் பிலடெல்பியா பக்கத்துத் தண்ணீர் கழிவால் நாறிப்போய், ஆக்சிஜன் அற்று, மீனுக்கு அதுவே சுவராக நின்றது. 1972-ல் வந்த தூய நீர்ச் சட்டமும், அதற்குப் பிறகு கட்டிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும்தான் அந்தச் சுவரை இடித்தன. 1980-களில் ஷாட் பெருங்கூட்டமாகத் திரும்பியது. இன்று மறுபடி கொஞ்சம் இறக்கம்தான். கிழக்குக் கடற்கரை முழுக்கப் பார்த்தால் ஷாட் வளம் குன்றிவிட்டது என்று 2020-ல் வந்த மதிப்பீடு சொன்னது. ஆகவே பிடிக்கும்போது இதை மனத்தில் வையுங்கள்.

பிடிப்பவருக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான். ஆற்றில் ஏறும் ஷாட் அனேகமாக இரை தின்பதில்லை. பசிக்காக உங்கள் தூண்டிலைக் கடிக்கப்போவதில்லை. மூக்குக்கு முன்னால் குறுக்கே ஏதாவது வந்தால் வெடுக்கென்று ஒரு கடி கடிக்கும், அவ்வளவுதான். புழு, இறால், மாவு எதுவும் வேண்டாம். போலி இரையை அதன் மூக்குக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துவதுதான் முழு வேலையும்.

எந்த நாள் போவது

காலண்டரைவிடத் தண்ணீரின் சூட்டை நம்புங்கள். 50 பாரன்ஹீட், அதாவது 10 செல்சியஸ் ஆனதும் முதல் மீன்கள் வரத் தொடங்கும். அவை பெரும்பாலும் ஆண்கள். 55-லிருந்து 65 வரைக்கும் நல்ல வரத்து. அதற்கு மேல் போனால் மீன் முட்டையிடும் நினைப்பில் இருக்கும், கடிப்பது குறையும். நியூ ஜெர்சிக் கரையில் இருக்கும் லாம்பர்ட்வில் ஊர்ப் பக்கம் இந்தக் கணக்கு ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து மே இரண்டாம் வாரம் வரை ஒத்துவரும். மேலே டெலாவேர் வாட்டர் கேப் பக்கம் போனால் மே மாதம்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் ஆற்றின் நெடுகிலும் அளவுமானிகள் வைத்திருக்கிறது. டிரென்டன், ரீகல்ஸ்வில் இரண்டும் நமக்கு உதவும். இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அதில் இன்றைய எண்ணைவிடக் கடந்த ஒரு வாரத்துக் கோட்டைப் பாருங்கள். மழை பெய்து ஏறிய தண்ணீர் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது, சூடு நாளுக்கு ஒரு டிகிரியாவது கூடுகிறது என்றால் அன்றைக்கே கிளம்பலாம். கோடு செங்குத்தாக ஏறினால் ஆறு செம்மண் நிறத்தில் கட்டையும் குப்பையுமாக வரும், வீட்டிலேயே இருங்கள். தண்ணீரில் முழங்கால் அளவு இறங்கி நின்றால் உங்கள் பாதம் மங்கலாகவாவது தெரிய வேண்டும். அந்தத் தெளிவு போதும்.

குளிர் காற்று வந்து ஒரே இரவில் தண்ணீர் மூன்று நான்கு டிகிரி இறங்கினால் ஏறும் மீன் அப்படியே ஆழத்தில் நின்றுவிடும். அந்த மாதிரி நாளுக்கு மறுநாளும் சுமார்தான். வெயிலும் தென்காற்றுமாக இரண்டு பகல் போன பிறகு வரும் மாலைக்குக் காத்திருங்கள்.

எந்த இடத்தில் நிற்பது

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய விஷயம் இதுதான். ஷாட் கூட்டமாக ஏறும். ஏறும்போது ஆற்றின் அகலம் முழுக்கப் பரவாது, ஆழமான வாய்க்கால் போல அடியில் ஓடும் தடத்தைப் பிடித்துக்கொண்டு, தரையை ஒட்டி வரும். ஒரு கூட்டம் போன அதே தடத்தில்தான் அடுத்த கூட்டமும் போகும். உங்கள் வீச்சு எட்டும் தூரத்துக்குள் அந்தத் தடம் வரும் கரையைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கரையிலிருந்து இதைப் படிக்க நான்கு அடையாளங்கள் சொல்கிறேன். ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவுக் கரைப் பக்கம்தான் ஆழம், உள்வளைவில் மணலும் கூழாங்கல்லும் சேர்ந்து மேடாக இருக்கும். தீவு ஒன்றின் கீழ்முனையில் இரண்டு ஓட்டமும் சேரும் இடம் நல்ல இடம், ஏறும் மீன் எந்தப் பக்கம் போவது என்று அங்கே சற்றுத் தயங்கும். வேகமான தண்ணீரும் மந்தமான தண்ணீரும் உரசும் கோடு கண்ணுக்குத் தெரியும், நுரையும் இலையும் அதில் வரிசையாகப் போகும். அந்தக் கோட்டின் மந்தமான பக்கம் மீன் இளைப்பாறும். நான்காவது, ஒரு சலசலக்கும் ஆழமற்ற பகுதிக்கு உடனே கீழே இருக்கும் மடு. அந்தச் சலசலப்பை ஏறிக் கடக்கும் முன் கூட்டம் அங்கே சேர்ந்து நிற்கும். 4 அடியிலிருந்து 10 அடி ஆழம் கரையிலிருந்து பிடிக்க வசதியானது.

தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தும் தடம் நகரும். ஆறு நிறைந்து வேகமாக ஓடும்போது மீன் நடுவே போராடாமல் கரையோரத்துக்கு ஒதுங்கும். அப்போது காலடியிலேயே மீன் இருக்கும், தூர வீசுவது வீண். தண்ணீர் வற்றித் தெளிந்துவிட்டால் நடு ஆழத்துக்குப் போய்விடும். அப்போது கரையில் நிற்பவருக்கு இருட்டும் நேரம் மட்டுமே வாய்ப்பு.

இடத்தின் பெயரும் வேண்டும் அல்லவா? லாம்பர்ட்வில்லுக்கும் எதிர்க்கரையில் இருக்கும் நியூ ஹோப்புக்கும் நடுவே இருக்கும் பாலத்தில் நடைபாதை உண்டு. தூண்டிலை எடுப்பதற்கு முன் ஒரு நாள் அந்தப் பாலத்தின் மேல் நின்று ஆற்றைப் பாருங்கள். ஓட்டக் கோடுகள், மேடு, மடு எல்லாம் மேலிருந்து பார்த்தால் துல்லியமாகத் தெரியும். அங்கிருந்து வடக்கே ஏழெட்டு மைல் போனால் ரேவன் ராக் ஊரில் புல்ஸ் ஐலண்ட், அதற்கும் மேலே பைரம். நியூ ஜெர்சி பக்கம் புல்ஸ் ஐலண்டிலிருந்து டிரென்டன் வரைக்கும் டெலாவேர் அண்டு ராரிட்டன் கால்வாயும் அதை ஒட்டிய நடைபாதையும் ஆற்றோடு கூடவே வரும். பொது இடம் என்பதால் பல இடங்களில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே கரைக்குப் போகலாம். எதிர்க்கரையிலும் இதே மாதிரி ஒரு கால்வாய்ப் பாதை இருக்கிறது. வீடுகளின் பின்புறம் வழியாக மட்டும் இறங்காதீர்கள், அது தனியார் நிலம்.

எந்தக் கரை என்பதற்கும் கணக்கு உண்டு. இந்தப் பகுதியில் ஆறு பொதுவாகத் தெற்கும் தென்கிழக்குமாக ஓடுகிறது. மேற்குக் கரையான பென்சில்வேனியா பக்கத்துக் குன்றும் மரமும் மாலையில் தங்கள் அடிவாரத் தண்ணீர் மேல் முதலில் நிழல் விழச் செய்யும். வெயில் பளிச்சென்று இருக்கும் நாளில் நான் அந்தக் கரையைத்தான் தேர்ந்தெடுப்பேன். மேகமூட்டமான நாளில் எந்தக் கரையும் ஒன்றுதான்.

லாம்பர்ட்வில்லில் பார்க்க வேண்டிய இன்னொன்று லூயிஸ் தீவு. 1888-லிருந்து அங்கே ஒரு குடும்பம் வசந்தகாலத்தில் இழுவலை போட்டு ஷாட் பிடித்து வருகிறது. ஒரு முனையைக் கரையில் பிடித்துக்கொண்டு, படகில் வலையை அரைவட்டமாக விட்டு, ஆட்கள் சேர்ந்து இழுப்பார்கள். நம் ஊர்க் கரைவலை பார்த்தவர்களுக்கு உடனே புரிந்துவிடும். பார்வையாளர்கள் நின்று பார்க்கலாம். அன்றைக்கு வலையில் எவ்வளவு மீன் வருகிறது என்று பார்த்தால் ஆற்றில் வரத்து எப்படி என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சாமான்கள்

ஆறரை, ஏழு அடி நீளமுள்ள லேசான ஸ்பின்னிங் ராடு, சின்ன ரீல், 6 அல்லது 8 பவுண்டு நைலான் நரம்பு. பின்னிய நரம்பு கையில் இருந்தாலும் நைலானையே போடுங்கள். ஷாட்டின் வாயோரம் காகிதம் மாதிரி மெல்லியது, கொஞ்சமும் நீளாத நரம்பு அதைக் கிழித்துவிடும். நைலானின் இழுபடும் குணம் இங்கே நமக்குச் சாதகம்.

போலி இரைக்கு ஷாட் டார்ட் என்று பெயர். சாய்வாக வெட்டிய மூக்குள்ள சின்ன ஈயத் தலை, பின்னால் ஒற்றைத் தூண்டில் முள், அதில் கொஞ்சம் மயிர்க்குஞ்சம். ஆற்றோரக் கடைகளில் சீசனில் சல்லிசாகக் கிடைக்கும். 1/8 அவுன்ஸும் 1/4 அவுன்ஸும் வாங்குங்கள், அடியில் பாறையில் சிக்கித் தொலையும், ஆகவே கை நிறைய வாங்குங்கள். நிறத்தில் சிவப்பு வெள்ளை, இளம்பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு இருந்தால் போதும். இருட்ட இருட்ட வெளிர் நிறத்துக்கு மாறுவது என் வழக்கம். பழகியவர்கள் ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு டார்ட் கட்டுவார்கள், கீழே கனமானது, மேலே லேசானது. புதியவர்கள் ஒன்றோடு தொடங்குங்கள், சிக்கெடுக்கும் நேரம் மிச்சம்.

ஒவ்வொரு தூண்டில் முள்ளிலும் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் எதிர்முனையைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவதற்குச் சுலபம், விரலில் ஏறினாலும் சுலபம்.

மற்றபடி நீளக் கைப்பிடி வலை, போலரைஸ்டு கண்ணாடி, நெற்றி விளக்கு, சின்னக் கத்தரி. வீட்டுக்கு எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் ஐஸ் பெட்டி. இடுப்பு வரை இறங்க வேடர் (தண்ணீர் புகாத கால்சட்டை) இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பிடிக்க முடியும். ஏப்ரல் கடைசியில் வெளிக்காற்று இதமாக இருந்தாலும் தண்ணீர் உடம்பை விறைக்க வைக்கும் குளிர்ச்சியில்தான் இருக்கும். இறங்குபவர்கள் உயிர்காப்பு உடையும் ஊன்றுகோலும் இல்லாமல் இறங்க வேண்டாம். லாம்பர்ட்வில்லுக்குச் சற்றுக் கீழேயும் புல்ஸ் ஐலண்ட் பக்கத்திலும் விங் டாம் என்னும் பக்கச் சுவர்கள் ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நடுவே வழி விட்டிருப்பதால் மீன் போய்விடும், ஆனால் தண்ணீர் அந்த வாய் வழியாகப் பாயும் வேகம் ஆளைப் புரட்டிவிடும். அதன் அருகே இறங்கவே கூடாது.

கரையோரப் புல்லில் மான் உண்ணி இருக்கும். அது கடித்தால் வரும் லைம் நோய் இந்தப் பகுதியில் சாதாரணம். முழுக்கால் சட்டை, வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பும் இடுப்பும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். தொட்டால் அரிக்கும், மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஐவி கொடியையும் தொடாதீர்கள்.

உரிமமும் சட்டமும்

16 வயது ஆனதிலிருந்து உரிமம் வேண்டும். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா இரண்டில் எது இருந்தாலும் இரண்டு மாநிலத்துக்கும் எல்லையாக ஓடும் இந்த ஆற்றுப் பகுதியில் செல்லும். ஒரு நாளைக்கு ஒருவர் எத்தனை ஷாட் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு டெலாவேர் விதியில் உச்சவரம்பு உண்டு. விதி வருடத்துக்கு வருடம் மாறக்கூடும், போகும் முன் மாநில மீன்வளத் துறை வெளியிடும் அந்த வருடத்துக் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். ஷாட்டைப் போலவே தெரியும் சின்ன மீன்கள் ஆல்வைஃப், புளூபேக் என்ற ஹெர்ரிங் வகைகள். இவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள 2012-லிருந்து நியூ ஜெர்சியில் தடை. முழங்கை நீளம்கூட இல்லாத ஒல்லி மீன் வந்தால், சந்தேகம் இருந்தால், தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.

மாலை: மணிக்கணக்கு

ஏப்ரல் கடைசியில் சூரியன் மறைவது 7.45-ஐ ஒட்டி. கரையில் 5.30-க்கு நில்லுங்கள். முதல் ஒரு மணி நேரம் மீனுக்கு இல்லை, ஆற்றுக்கு. வெயில் இருக்கும்போதே அடி ஆழம் எவ்வளவு, பாறை எங்கே, தடம் எங்கே என்று தெரிந்து வைத்துக்கொண்டால் இருட்டில் கை தானாக வேலை செய்யும். கடைசி நேரத்தில் அவசரமாக வந்து நிற்பவர்கள் நல்ல அரை மணி நேரத்தை அடியில் சிக்கிய டார்ட்டை விடுவிப்பதிலேயே தொலைக்கிறார்கள்.

ஷாட்டுக்கு வெளிச்சம் ஆகாது. நண்பகலில் அடி ஆழத்தில் தரையோடு ஒட்டி நிற்கும். வெயில் தண்ணீரை விட்டு விலகியதும் கூட்டம் அசையத் தொடங்கும், மேலே எழும், கரைப் பக்கம் நகரும். சூரியன் மறைவதற்கு முன் முக்கால் மணி, மறைந்த பின் அரை மணி. அந்த நேரத்துக்குத்தான் மற்றதெல்லாம் தயாரிப்பு.

வீச்சு, படிப்படியாக

நேர் எதிரே அல்லது கொஞ்சம் மேலோட்டத்துப் பக்கமாக, அதாவது தண்ணீர் வரும் பக்கமாக வீசுங்கள். டார்ட் தண்ணீரில் விழுந்ததும் ரீலில் நரம்பைத் தடுக்கும் வளைகம்பியை மூடிவிட்டு, தளர்ந்த நரம்பை மட்டும் சுற்றி எடுங்கள். டார்ட்டை இழுக்க வேண்டாம். ஓட்டம் அதை எடுத்துக்கொண்டு போகட்டும்.

மனதுக்குள் எண்ணுங்கள். ஆறு எண்ணும்போது டார்ட் தரையில் தட்டுகிறது என்றால் அடுத்த வீச்சில் ஐந்தில் நரம்பை இறுக்குங்கள். தரைக்கு ஓர் அடி மேலே டார்ட் போக வேண்டும். ஷாட் சற்று மேலே எழுந்து கடிக்குமே தவிர, கீழே குனிந்து எடுப்பது அபூர்வம். ஆகவே ஒருபோதும் தட்டவில்லை என்றால் நீங்கள் மிக உயரத்தில் இருக்கிறீர்கள், ஒவ்வொரு வீச்சிலும் தட்டினால் மிகத் தாழ்வில் இருக்கிறீர்கள். சில வீச்சுக்கு ஒருமுறை லேசாகத் தட்டுவதுதான் சரியான ஆழம். எட்டவில்லையா, இன்னும் மேலோட்டத்துப் பக்கமாக வீசுங்கள் அல்லது கனமான டார்ட்டுக்கு மாறுங்கள்.

ராடு நுனி தாழ்ந்து, டார்ட் போகும் திசையை மெல்லப் பின்தொடர வேண்டும். நரம்பு உங்களுக்கு நேர் எதிரே வரும்போது மெலிதான இறுக்கம், அதற்குப் பிறகு டார்ட் ஓட்டத்தில் வளைந்து உங்கள் கரையை நோக்கி வரும். அந்த வளைவின் முடிவில், நரம்பு கீழோட்டமாக நேராக நிமிரும் கணத்தில் டார்ட் தரையிலிருந்து எழும்பும். பெரும்பாலான கடி அங்கேதான் விழும். பலர் அதற்குள் அவசரப்பட்டுச் சுற்றி எடுத்துவிடுகிறார்கள். நிமிர்ந்த பிறகும் பத்து எண்ணும் வரை அப்படியே ஓட்டத்தில் தொங்க விடுங்கள். நுனியை ஓர் அங்குலம் முன்னே, ஓர் அங்குலம் பின்னே, அவ்வளவு அசைவு போதும். அப்புறம் மிக மெதுவாகச் சுற்றுங்கள். அந்தக் கரையோர மந்த நீரிலும் மீன் பின்னாலேயே வந்து கடிப்பதுண்டு.

கடி எப்படி இருக்கும்? சில சமயம் கையில் ஒரு தட்டு. பல சமயம் அதுவும் இல்லை, நகர்ந்துகொண்டிருந்த நரம்பு சும்மா நின்றுவிடும், பாறையில் சிக்கியதாகத் தோன்றும். பிறகு அந்தப் பாறை ஓட்டத்தை எதிர்த்து நகரும்.

ஒரே இடத்தில் நின்று ஒரே வீச்சைத் திரும்பத் திரும்பச் செய்வது இங்கே சரியான முறை. மற்ற மீன்களுக்கு இடம் மாறி மாறித் தேடுவோம், ஷாட்டுக்கு அது வேண்டியதில்லை. நீங்கள் தேடிப் போவதில்லை, அது உங்களைக் கடந்து போகிறது. அரை மணி நேரம் ஒன்றும் இருக்காது, பிறகு பத்து நிமிடத்தில் நாலைந்து கடி, மறுபடி அமைதி. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் இடையே இருக்கும் இந்த இடைவெளியில்தான் புதியவர்கள் இடத்தை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஆழத்தையும் கோணத்தையும் மாற்றிப் பாருங்கள், நிற்கும் இடத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

பக்கத்தில் ஆள் இருந்தால் ஒழுங்கு உண்டு. மேலோட்டத்தில் நிற்பவர் வீசி, அவர் நரம்பு வளைந்து வந்த பிறகு நீங்கள் வீசுங்கள். ஒருவருக்கு மீன் மாட்டினால் அவருக்குக் கீழே நிற்பவர்கள் நரம்பைச் சுற்றி எடுத்துவிட வேண்டும்.

மாட்டிய பிறகு

வெடுக்கென்று இழுக்காதீர்கள். ராட்டை மெல்லத் தூக்கினாலே முள் ஏறிவிடும். ரீலின் இறுக்கத்தை முன்பே தளர்த்தி வைத்திருக்க வேண்டும், இரண்டு விரலால் நரம்பைப் பிடித்து இழுத்தால் தடையில்லாமல் வரும் அளவுக்கு.

ஷாட் தன் தட்டையான உடம்பைப் பக்கவாட்டில் ஓட்டத்துக்குக் கொடுத்து நிற்கும். மீனின் பலத்தோடு ஆற்றின் பலமும் சேர்ந்து நரம்பில் விழும். 3 பவுண்டு ஆண்கூட 6 பவுண்டு மாதிரி இழுக்கும். கரையோரம் வந்துவிட்டது என்று நினைக்கும்போது வலையைக் கண்டதும் மறுபடி ஆழத்துக்கு ஓடும். மீன் தொலைவது இந்தக் கடைசி ஓட்டத்தில்தான். ஓட விடுங்கள். துள்ளி மேலே வந்தால் ராடு நுனியை அதை நோக்கித் தாழ்த்துங்கள். பின்பு ஓட்டத்தைவிட்டு மந்தமான நீருக்கு மீனை வழிநடத்தி, வலையைத் தண்ணீருக்குள் அசையாமல் வைத்து, தலை முதலில் நுழையும்படி மீனை அதன் மேல் கொண்டு வாருங்கள். நரம்பைப் பிடித்துத் தூக்கினால் வாய் கிழிந்து மீன் விழுந்துவிடும்.

விடுவதானால் கரைக்கு எடுக்கவே வேண்டாம். ஷாட் மிகவும் மென்மையான மீன். உலர்ந்த கை பட்டால் செதில் கொத்துக் கொத்தாகப் பெயர்ந்து வந்துவிடும். கையை நனைத்துக்கொண்டு, வலைக்குள்ளேயே, தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, தலையை மேலோட்டம் பார்க்கத் தாங்கிப் பிடித்தால் சற்று நேரத்தில் வாலை ஒரு உதறு உதறிப் போய்விடும். படம் எடுக்க வேண்டும் என்றால் கைபேசியை முதலில் தயாராக வைத்துக்கொண்டு ஒரு மூச்சு நேரம் மட்டும் தூக்குங்கள். தெற்கே வெகுதூரத்து ஆறுகளில் முட்டையிட்டதும் ஷாட் செத்துவிடும். இங்கே அப்படி இல்லை, பிழைத்துக் கடலுக்குப் போய் மறு வருடம் திரும்புவது உண்டு. நீங்கள் விடும் பெண் மீன் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும்.

இருட்டும் நேரம்

சூரியன் மறைந்ததும் டார்ட்டின் எடையைக் குறையுங்கள். மீன் இப்போது தரையில் இல்லை, நடு நீரில் இருக்கிறது. கரைக்கும் நெருங்கிவிட்டது, ஆகவே நீள வீச்சு வேண்டாம். தண்ணீரில் நிற்பவர்கள் இரண்டடி பின்வாங்குங்கள். நெற்றி விளக்கைத் தண்ணீர் மேல் அடிக்காதீர்கள். முடிச்சுப் போட ஆற்றுக்கு முதுகு காட்டித் திரும்பி நின்று போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர் 60 பாரன்ஹீட்டைத் தாண்டிய நாட்களில், இருட்டிய பிறகு ஆழமற்ற பகுதியில் சளப் சளப் என்று சத்தம் கேட்கும். ஆணும் பெண்ணுமாக மேற்பரப்பில் சுற்றி முட்டையிடுகின்றன. அந்த மீன்கள் மேல் வீசக் கூடாது என்பது என் கருத்து. சட்டம் தடுக்கவில்லை, ஆனால் இவ்வளவு தூரம் ஏறி வந்த காரியம் முடியும் நேரம் அது. நான் அந்தச் சத்தம் வந்ததும் நரம்பைச் சுற்றிவிடுவேன்.

வீட்டுக்கு எடுத்துப்போனால்

உண்பது பற்றி மாநிலம் வெளியிடும் மீன் உண்ணல் அறிவுரையை, குறிப்பாகக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இருக்கும் வீட்டில், முதலில் பார்த்துவிடுங்கள். வைத்துக்கொள்ளும் மீனைப் பிடித்த உடனே கொன்று, செவுளை வெட்டி ரத்தத்தை வடியவிட்டு ஐஸில் வையுங்கள். எண்ணெய் மீன், சூடு பட்டால் சீக்கிரம் நாறும்.

முள் பற்றிப் பயமுறுத்துவார்கள். நியாயம்தான், கவட்டை கவட்டையாகச் சதைக்குள் இரண்டு மூன்று வரிசை ஓடும். பழைய கைதேர்ந்தவர்கள் கத்தியால் அந்த வரிசைகளைப் பிரித்து எடுப்பார்கள், எல்லோருக்கும் வராது. உல்லம் தின்று பழகிய வீட்டுக்கு வேறு வழி தெரியும். செதில் எடுத்து, தோல் மேலிருந்து முதுகெலும்பு வரை மிக நெருக்கமாக, கால் அங்குல இடைவெளியில் குறுக்குக் கீறல் போட்டு, மஞ்சள் உப்பு மிளகாய்த்தூள் தடவி நன்றாக முறுவ வறுங்கள். சின்ன முள் மொறுமொறுவென்று தெரியாமல் போய்விடும். புளிக்குழம்பு வைத்து மிகச் சிறுதீயில் நீண்ட நேரம் விட்டாலும் முள் இளகும். மறுநாள் அது இன்னும் ருசி. டெலாவேர்க்காரர்களின் முறை வேறு: பலகையில் மீனை விரித்து ஆணி அடித்து, நெருப்புக்கு எதிரே நிறுத்தி வேகவைப்பார்கள்.

சினைதான் இந்த மீனின் உச்சம். இரண்டு நீள மடலாக, மெல்லிய தோல் பைக்குள் இருக்கும். வயிற்றைக் கிழிக்கும்போது கத்தி முனை அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கிழிந்தால் வாணலியில் எல்லாம் சிதறும். உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்தைத் துடைத்து, மிளகும் மஞ்சளும் போட்டு, நல்லெண்ணெயில் சிறுதீயில் மூடி போட்டு ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம் வேகவிடுங்கள். முட்டைகள் வெடித்து எண்ணெய் தெறிக்கும், மூடியை எடுக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நடுவே இளஞ்சிவப்பு மாறி உதிரியானதும் இறக்கிவிடலாம்.